வீட்டினுள் வந்த நாடகம்

எமது கல்லூரி அன்னை விழாக்கோலம் பூண்டு நிற்கும் இந்நன்னாளில், பழைய மாணவர் சங்கத்தார் வெளியிடும் மலருக்கு ஒரு கட்டுரை தருமாறு மலராசிரியர் கேட்டபோது, சங்க இலக்கியம் பற்றியோ நாவலர் பெருமானின் உரைநடை பற்றியோ எழுதலாம் என்றே யான் முதலில் எண்ணினேன். தமிழாசிரியன் ஒருவனிடம் பிறர் எதிர்பார்ப்பதும் அதுவே. ஆயினும் பல ஆண்டுகளாக என் நெஞ்சை உறுத்திக்கொண்டிருக்கும் ஒரு கடனைத் தீர்ப்பதற்கு இம்மலரினும் தகுந்த இடம் வேறு வாய்க்காது என்று தோன்றியமையால், தொலைக்காட்சிக்கென்றே ஆக்கப்படும் நாடகப் படங்களைப் பற்றி எழுதத் துணிந்தேன். "இஃதென்ன, எங்கள் ஆசிரியர் வழிமாறிவிட்டாரோ?" என்று என் பழைய மாணாக்கர் நகைக்கக்கூடும். சற்றே பொறுத்து வாசிக்குமாறு அவர்களை வேண்டுகின்றேன்.

2011 ஆம் ஆண்டிலே பதினோராம் தர மாணவருக்கு யான் தமிழ் கற்பித்து வந்தேன். "என் மனத்தைக் கவர்ந்த கதை" என்னும் தலைப்பில் ஒரு கட்டுரை எழுதி வருமாறு பணித்திருந்தேன். பெரும்பாலோர் பாடநூலிலுள்ள கதைகளையே திருப்பி எழுதினர். வன்னியிலிருந்து இடம்பெயர்ந்து, முகாமொன்றிற் பல மாதங்கள் இருந்து, பின்னர் எமது கல்லூரியிற் சேர்ந்த மாணவன் ஒருவன் மாத்திரம் தான் பார்த்த ஓர் ஆங்கிலப் படத்தின் கதையை எழுதியிருந்தான். நெடுஞ்சாலையிலே காரிற் செல்லும் ஒருவனை ஒரு பெரிய லொறி காரணம் எதுவுமின்றித் துரத்துகின்றது, லொறியைச் செலுத்துபவனின் முகம் இறுதிவரை காட்டப்படவில்லை, கதை இவ்வளவே. "துரத்துகிறவனின் முகம் தெரியாதபடியாற்றான் எனக்குப் பயம் வந்தது. அந்தப் பயம் எனக்கு முன்னமே பழக்கம்" என்று அவன் கட்டுரையை முடித்திருந்தான்.

யான் அதற்கு இருபதுக்கு ஏழு புள்ளிகள் இட்டேன். "இஃது இலக்கியமன்று, தொலைக்காட்சிப் படம். நல்லதொரு கதையைத் தெரிந்து எழுதுக" என்று சிவப்பு மையினாற் குறிப்பும் எழுதினேன். அவன் கொப்பியை வாங்கிக்கொண்டு ஒன்றும் பேசாது சென்றான். அவ்வாண்டு முடியும்வரை அவன் எழுதிய கட்டுரைகள் எல்லாம் இலக்கணப் பிழையற்றிருந்தன. புள்ளிகளும் நிரம்பப் பெற்றன. ஆனால் அவனுடைய சொந்த வார்த்தை ஒன்றேனும் அவற்றில் பிறகு வரவில்லை. அதனையும் யான் அப்போது கவனித்தேனல்லன்.

தொலைக்காட்சி பற்றி எனக்கிருந்த எண்ணம் அத்தகையது. எங்கள் நாட்டில் 1979 இல் சுயாதீனத் தொலைக்காட்சியும் 1982 இல் ரூபவாஹினியும் ஒளிபரப்பைத் தொடங்கின. ரீவியையும் வீடியோ டெக்கையும் வாடகைக்கு எடுத்து முற்றத்தில் வைத்து, விடியும்வரை ஊரார் கூடிப் படம் பார்த்த இரவுகள் என் சிறுபராயத்தில் உண்டு. 1990 இன் பின்னர் குடாநாட்டில் மின்சாரம் அற்றுப்போக, எங்கள் பள்ளிக்கூட நாட்கள் சிமினி விளக்கொளியிற் கழிந்தன. மின்சாரம் மீண்டு வந்தபோது அதனோடு கூட வீடுகளினுள் நுழைந்தவை, மாமி மருமகள் பகையை ஆண்டுக்கணக்காக இழுத்துச் செல்லும் தொடர்களே. மாலைப் பொழுதில் மாணவரைப் புத்தகத்திலிருந்து பிரித்தெடுத்தவையும் அவையே. நடிகமணி வைரமுத்துவின் மயான காண்டத்தைப் பற்றித் தந்தையார் சொல்லச் சொல்லக் கேட்டு வளர்ந்த எனக்கு, நாடகம் என்றால் மேடையில் நிகழ்வது. சின்னத்திரையில் நிகழ்வது பொழுதுபோக்கு. ஒரு சிலவற்றைக் கொண்டு முழுவதையும் மதிப்பிடுதல் குற்றம் என்று மாணவருக்குக் கற்பிக்கும் யானே அக்குற்றத்தைச் செய்தேன்.

என் எண்ணம் மாறிய வரலாற்றைக் கூறுவதற்கு, என் தந்தையாரைப் பற்றிச் சிறிது கூறுதல் வேண்டும்.

அவர் ஒரு கிராமத்துச் சங்கக்கடையின் முகாமையாளர். 1995 ஐப்பசி இறுதியில் வலிகாமத்து மக்கள் ஓரிரவில் எல்லாவற்றையும் விட்டுப் புறப்பட்டபோது, அவரும் கடையைப் பூட்டித் திறப்பை மடியிற் கட்டிக்கொண்டு எங்களுடன் தென்மராட்சிக்கு நடந்தார். அடுத்த ஆண்டு திரும்பி வந்தபோது கடையிற் சாமானும் இல்லை, சிட்டைப் புத்தகங்கள் பலவும் இல்லை. பின்னர்க் கணக்குப் பரிசோதனை நடந்தது. இடப்பெயர்வுக்கு முன்னரே ஒரு தொகை குறைவு என்று எழுதினார்கள். தாம் ஒரு சதமும் எடுக்கவில்லை என்பதற்கு அவரிடம் இருந்த சான்று அவருடைய வாய்ச்சொல் ஒன்றே. அம்மாவின் நகை அடைவுக்குப் போயிற்று, வடலிக் காணித்துண்டு விலைப்பட்டது, தொகை கட்டப்பட்டது. கட்டியபடியால் அவர் எடுத்திருக்கத்தான் வேண்டும் என்று ஊரில் ஒரு சாரார் பேசிக்கொண்டனர். கோயில் திருவிழாக் கணக்கை ஆண்டுதோறும் எழுதி வந்தவர், அப்பொறுப்பைத் தாமாகவே விட்டுவிட்டார்.

அப்போது எனக்குப் பதினேழு வயது. ஒருநாள் யான் அவரிடம், "அப்பா, உண்மையில அந்தக் காசு எங்கை போனது?" என்று கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்த்தார், மறுமொழி சொல்லவில்லை, எழுந்து கிணற்றடிக்குப் போய்விட்டார். அவர் 2006 இல் காலமானார். அந்த வினாவை யான் திரும்பப் பெற்றுக்கொள்ளவேயில்லை.

2024 ஆவணியில், நல்லூர்த் திருவிழாவுக்கென இலண்டனிலிருந்து என் தம்பி வந்திருந்தான். ஓரிரவு, "அண்ணா, இதை நீங்கள் கட்டாயம் பார்க்க வேண்டும்" என்று சொல்லித் தன் மடிக்கணினியைத் திண்ணையில் வைத்தான். அவ்வாண்டு தை மாதம் முதலாந் தேதியிலிருந்து நான்கு இரவுகள் ஐ.ரி.வி. நிலையம் ஒளிபரப்பிய தொடர் அது. "திருவாளர் பேற்ஸ் எதிர் தபாற்கந்தோர்" என்பது அதன் பெயரின் பொருள். கதை கற்பனையன்று. பிரித்தானியாவின் தபாற்கந்தோர்களில் 1999 தொடக்கம் ஹொறைசன் என்னும் கணினிக் கணக்கு முறை புகுத்தப்பட்டது. அதில் இருந்த வழுக்களால், இல்லாத குறைவுகள் கணக்கிலே தோன்றின. அவற்றை நம்பிய நிருவாகம் உப தபாலதிபர்களைக் கள்ளர் என்றது. 1999 இற்கும் 2015 இற்கும் இடையில் 900 இற்கு மேற்பட்டோர் குற்றவாளிகளாகத் தீர்க்கப்பட்டனர். சிலர் சிறை சென்றனர். பலர் வீடு வாசல் விற்றுக் கட்டினர். உயிரை மாய்த்தோரும் உளர். முறைப்பாடு செய்த ஒவ்வொருவருக்கும் சொல்லப்பட்டது, "உமக்கு மாத்திரமே இப்படி நிகழ்கின்றது" என்பது. வேல்ஸ் நாட்டின் கரையோர ஊரொன்றில் கந்தோர் நடத்தி, 2003 இல் தம் ஒப்பந்தத்தை இழந்த அலன் பேற்ஸ் என்பார், தம்மைப் போன்றோரை ஒவ்வொருவராகத் தேடிச் சேர்த்து இருபது ஆண்டுகள் வழக்காடிய கதையே அந்நாடகம்.

அதிலே ஒரு காட்சி. கிராமத்துக் கந்தோர் ஒன்றின் பெண்மணி, கணக்கிற் குறைவு காட்டுவதைக் கண்டு கலங்கி, உதவி நிலையத்துக்குத் தொலைபேசியிற் பேசுகின்றாள். மறுமுனையிலிருந்து சொல்லுகின்றபடியே பொத்தான்களை அழுத்துகின்றாள். அவள் கண்ணெதிரிலேயே குறைவு இருமடங்காகின்றது. ஆங்கிலம் அறியாத அம்மாவுக்குத் தம்பி இதனை விளக்கிக்கொண்டிருந்தான். அம்மா திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "உங்கட அப்பாவும் இப்பிடித்தான் தம்பி, விடிய விடியக் கூட்டினவர். கூட்டக் கூட்டக் குறைவுதான் வந்தது" என்றார். இருபத்தெட்டு ஆண்டுகளில் அம்மா அதைப் பற்றிப் பேசியது அன்றே முதன்முறை. பின்னர் அவ்விரவு முழுவதும் பேசினார். எந்தெந்த வீட்டுக்குக் கடனுக்கு அரிசி கொடுத்தார், அச்சிட்டைகள் எங்கே நனைந்து போயின என்பவற்றையெல்லாம் அப்பா அவருக்குச் சொல்லியிருந்தார். எமக்குச் சொல்லவில்லை, யான் கேட்ட விதம் அப்படி.

ஒரு நாடகம் இத்தகைய வேலையைச் செய்யுமாயின், யான் அதனை அறியாமல் இகழ்ந்தேன் என்பது தெளிவாயிற்று. அதன்பின் அவ்வினத்தைச் சேர்ந்த படங்களைத் தேடித் தேடிப் பார்க்கலானேன். அவற்றின் வகையும் விரிவும் என்னை வியப்பில் ஆழ்த்தின.

தொலைக்காட்சிப் படம் என்பது, படமாளிகைக்கென எடுத்துப் பின்னர் வீட்டிற் காட்டப்படும் படமன்று. வீட்டிற் பார்ப்பதற்கென்றே எடுக்கப்படுவது. அமெரிக்காவில் 1964 தொடக்கம் இவை வந்தன. செலவிடும் பணம் குறைவு, படப்பிடிப்பு நாட்கள் குறைவு. போர்க்களத்தையோ அரண்மனையையோ விரிவாகக் காட்ட இயலாது. எனவே அவை ஓர் அறையையும், இருவர் பேச்சையும், ஒரு முகத்தையும் நம்பி நின்றன. அன்றியும், நுழைவுச்சீட்டு விற்க வேண்டிய கவலை இல்லாமையால், முதலாளிமார் தொட அஞ்சும் கதைகளையும் அவை தொட்டன.

1966 கார்த்திகையில் பி.பி.சி. ஒளிபரப்பிய "கதி கம் ஹோம்" அத்தகையது. கென் லோச் நெறிப்படுத்தியது. ஓர் இளம் மனைவி. கணவன் விபத்தில் அடிபட்டு வேலை இழக்கின்றான். வீடு போகின்றது, வண்டி வீடு போகின்றது, விடுதியிற் கணவனையும் பிரிய நேர்கின்றது. இறுதியில் புகையிரத நிலையமொன்றில் அதிகாரிகள் அவளுடைய பிள்ளைகளைப் பறித்துச் செல்கின்றனர். அன்றிரவு ஒரு கோடியே இருபது இலட்சம் மக்கள் அதனைப் பார்த்தனர். வீடற்றோருக்கான ஷெல்ரர் என்னும் அமைப்பு அடுத்த மாதம் தொடங்கியது. அது முன்னரே திட்டமிடப்பட்டதாயினும், அந்நாடகம் எழுப்பிய இரக்கம் அதற்குப் பெருந்துணையாயிற்று.

1971 இல் அமெரிக்காவில் ஏ.பி.சி. நிலையம் "பிறயன்ஸ் சோங்" என்னும் படத்தைக் காட்டியது. ஒரே உதைபந்தாட்டக் குழுவில் ஒரே அறையிற் தங்கிய ஒரு வெள்ளையரும் ஒரு கறுப்பரும் கொண்ட நட்பும், அவருள் ஒருவர் இருபத்தாறு வயதிற் புற்றுநோயால் இறந்ததும் அதன் பொருள். நட்பதிகாரத்தை எத்தனையோ முறை கற்பித்த யான் அப்படத்தின் முடிவிற் கண்ணீர் விட்டேன் என்பதை ஒளிக்கவில்லை.

1977 தை மாதம் அதே நிலையம் "றூட்ஸ்" என்னும் தொடரை எட்டு இரவுகள் தொடர்ந்து காட்டியது. அலெக்ஸ் ஹேலியின் நூலைத் தழுவியது. ஆபிரிக்காவிலிருந்து பிடித்துவரப்பட்டு அடிமையாக விற்கப்பட்ட ஒருவனின் வழித்தோன்றல்களின் கதை. இறுதி இரவில் ஏறக்குறையப் பத்துக்கோடி மக்கள் பார்த்தனர். அடுத்த ஆண்டு என்.பி.சி. நிலையம், நாசிகளால் அழிக்கப்பட்ட யூதக் குடும்பம் ஒன்றின் கதையை "ஹொலோகோஸ்ற்" என்னும் பெயரில் நான்கு பகுதிகளாகத் தந்தது. 1979 தை மாதம் அது மேற்கு ஜேர்மனியிற் காட்டப்பட்டபோது, ஆயிரக்கணக்கானோர் நிலையத்தைத் தொலைபேசியில் அழைத்தனர். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பல வீடுகளிற் பேசப்படாதிருந்தது பேசப்பட்டது. அவ்வாண்டு ஆடி மாதத்தில், கொலைக்குற்றத்துக்கு வழக்குத் தொடுக்கும் காலவரையறையை அந்நாட்டுப் பாராளுமன்றம் நீக்கியது.

1983 கார்த்திகையில் "த டே ஆஃப்ரர்" என்னும் படம் வந்தது. அணுக்குண்டு வீழ்ந்த பின் கன்சாஸ் மாநிலத்துச் சாதாரண ஊரொன்றில் எஞ்சியோர் படும் பாட்டைக் காட்டுவது. சனாதிபதி றேகன் அதனை முன்கூட்டியே பார்த்து, மிகுந்த மனச்சோர்வுற்றதாகத் தம் நாட்குறிப்பில் எழுதினார். போலந்து நாட்டுத் தொலைக்காட்சிக்காகக் கீஸ்லோவ்ஸ்கி எடுத்து, 1989 இல் ஒளிபரப்பாகத் தொடங்கிய "டெக்கலோக்" என்னும் பத்துப் படங்களில் இடியுமில்லை, குண்டுமில்லை. வார்சோ நகரத்து மாடிக் குடியிருப்பொன்றில் வாழ்வோரை வைத்து, பத்துக் கட்டளைகள் சாதாரண மனிதரின் வாழ்விற் படும் சிக்கலைக் காட்டுபவை அவை.

இவற்றுள் எனக்கு மிக அணித்தாகப்பட்டது, சத்தியஜித் ராய் 1981 இல் இந்தியத் தூரதர்ஷனுக்காக எடுத்த "சத்கதி". பிரேம்சந்தின் சிறுகதை. ஒரு மணி நேரமும் இல்லை. தோற்றொழில் செய்யும் ஏழையொருவன் மகளின் நிச்சயதார்த்தத்துக்கு நாட் குறித்துத் தருமாறு அந்தணர் ஒருவரிடம் செல்கின்றான். காய்ச்சலோடும் பசியோடும் வந்தவனைப் பெரிய மரக்குற்றி ஒன்றைப் பிளக்குமாறு ஏவுகின்றார் அவர். பிளக்க மாட்டாமல் அவன் அவ்விடத்தே இறக்கின்றான். தொட்டால் தீட்டு, ஆதலின் கயிறு கட்டி இழுத்துச் செல்கின்றார். இதனைப் பார்த்தபோது எங்கள் ஊர்க் கிணறுகளையும் கோயில் வாயில்களையும் நினைத்துத் தலைகுனிந்தேன். சாதிக் கொடுமை பற்றி வகுப்பிலே பல ஆண்டுகள் விரிவுரை செய்தவன் யான். அந்தக் கயிறு சொன்னதை என் விரிவுரைகள் சொல்லவில்லை.

இவ்வகைப் படங்கள் அனைத்தும் உயர்ந்தவை என்று யான் கூற வரவில்லை. பதர் மிகுதி, நெல் குறைவு. நாடகம் சான்று ஆகாது என்பதும் நினைவில் இருத்தல் வேண்டும். பலரை ஒருவராக்கியும் காலத்தைச் சுருக்கியுமே அது கதை சொல்லும். தபாற்கந்தோர் வழக்கிலே உண்மையை வெளிக்கொணர்ந்தவர்கள் பாதிக்கப்பட்டோரும், 2009 இலேயே எழுதிய பத்திரிகையாளரும், 2019 இல் 555 பேருக்காக வாதாடிய சட்டத்தரணிகளும், தீர்ப்பளித்த நீதிபதியுமேயாவர். எனினும் அத்தனைக்கும் பின்னர், 2024 தை மாதத்திற்றான் நாடே விழித்தது. நாடகம் முடிந்து ஒரு வாரத்துக்குள் பிரதமர் புதிய சட்டம் கொண்டுவருவதாக அறிவித்தார். வைகாசி மாதம் 24 ஆந் தேதி அச்சட்டம் நிறைவேறி, அவர்களின் தண்டத் தீர்ப்புகள் மொத்தமாக நீக்கப்பட்டன. அறிக்கையில் இருந்தவர்கள் அதுவரை எண்ணிக்கையாக இருந்தனர். நாடகத்தில் அவர்கள், நம் வீட்டுக் கதிரையில் நம் எதிரே அமர்ந்து கணக்குக் கூட்டிக் களைத்த மனிதராயினர். படமாளிகையில் இருளிலே அயலார் நடுவே பார்க்கின்றோம். வீட்டிலோ தாயும் பிள்ளையும் ஒருவர் முகத்தை ஒருவர் காணும் வெளிச்சத்திற் பார்க்கின்றோம். ஆதலாற்றான் படம் முடிந்தபின் அம்மாவாற் பேச முடிந்தது.

இறுதியாக, யான் பார்க்காது தள்ளிவைத்த ஒன்று இருந்தது. கடந்த விடுமுறையில் அதனையும் பார்த்தேன். "டூவல்" என்பது அதன் பெயர். 1971 கார்த்திகையில் ஏ.பி.சி. நிலையத்துக்கென, அப்போது இருபத்துநான்கு வயதினரான ஸ்ரீவன் ஸ்பீல்பேர்க் எடுத்தது. ஒரு கார், ஒரு லொறி, ஒரு நெடுஞ்சாலை. லொறிக்காரனின் கையும் காலணியும் மாத்திரமே காணப்படுகின்றன. பார்த்துக்கொண்டிருக்கையில், பதினோராம் தரத்துக் கொப்பியொன்றின் கடைசி வரி என் முன் வந்து நின்றது. முகம் தெரியாத ஒன்றினாற் துரத்தப்பட்டுக் காடும் களப்பும் கடந்து வந்த ஒரு சிறுவன், தன் அனுபவத்தைச் சொல்வதற்கு ஒரு கதையைக் கண்டெடுத்து என்னிடம் நம்பிக்கையோடு கொண்டுவந்தான். யான் அவனிடம் அது கதையன்று என்றேன். என் தந்தையாரிடம் கேட்ட வினாவுக்கும் அச்சிவப்புக் குறிப்புக்கும் வேற்றுமை அதிகமில்லை. இரண்டிலும், பேச வந்தவரின் வாயை யான் அடைத்தேன்.

தந்தையாரிடம் மன்னிப்புக் கேட்க இனி இயலாது. அம்மாணவர் இப்போது எமது பழைய மாணவருள் ஒருவர். எந்நாட்டிலிருந்தாயினும் இம்மலர் அவர் கையை அடையும் என்று நம்புகின்றேன். அவருக்கு யான் கூறுவது: தம்பி, உமது கட்டுரையை யான் பிழையாகத் திருத்தினேன். அது நன்றாக இருந்தது. இலக்கணப் பிழை இரண்டுக்காக இரண்டு புள்ளிகள் குறைத்து, இருபதுக்குப் பதினெட்டு என மாற்றிக்கொள்வீராக. மீதிக் கதையை எழுதியிருப்பீராயின், அதனை வாசிக்க ஆவலுடையேன்.

இன்று பயிலும் மாணவருக்கு ஒரு சொல். உங்கள் மனத்தைத் தொட்ட கதை மேடையிலிருந்து வரினும் ஏட்டிலிருந்து வரினும் சின்னத்திரையிலிருந்து வரினும், அது ஏன் தொட்டது என்பதை அஞ்சாது எழுதுங்கள். என்னுடன் கற்பிக்கும் ஆசிரிய நண்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். சிவப்பு மையை எடுக்குமுன் கடைசி வரியை இன்னுமொருமுறை வாசியுங்கள்.

கல்வியோடு இரக்கத்தையும் எமக்கு ஊட்டிய கல்லூரி அன்னை நீடு வாழ்க!